ஆண்டுகளை நாம் மனப்பாடம் செய்கிறோம், சொற்களை யார் படிப்பது?

நெட் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எங்கள் விடுதியில் இதழியல், வெகுசனத் தொடர்பியல் தாளுக்குப் படிக்கும் ஐந்து நண்பர்கள், ‘ஊடகச் சட்டங்களும் அறமும்’ என்ற அலகை மட்டும் தங்களோடு உட்கார்ந்து படிக்குமாறு என்னை அழைத்தார்கள். மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது அரசு ஆணைகளின் மொழியை ஆய்வு செய்துவருகிறேன். சட்ட வாசகங்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிற ஆள் உதவக்கூடும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். இரவு உணவுக்குப் பிறகு உணவுக்கூடத்தின் மூலை மேசையில் மூன்று வாரங்கள் கூடிப் படித்தோம். அந்த மூன்று வாரங்களில் எனக்கு ஏற்பட்ட கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐவரில் ஒருவர் ஆய்வுக்கு வருமுன் நடுவண் இந்தியாவின் ஒரு மாவட்டத் தலைநகரில் பகுதிநேரச் செய்தியாளராக இரண்டாண்டுகள் வேலை பார்த்தவர். பழைய வினாத்தாள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். வழக்குகளையும் ஆண்டுகளையும் பொருத்தும் வினா. ‘ஸ்ரேயா சிங்கல்’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ‘2015’ என்றார். சரியான விடை. அந்த வழக்கு எதைப் பற்றியது என்று கேட்டேன். ‘தகவல் தொழில்நுட்பச் சட்டம்’ என்றார். அதுவும் சரி. அதில் நீதிமன்றம் என்ன செய்தது என்று கேட்டபோது மேசையில் சற்றுநேரம் அமைதி. பிரிவு 66ஏ அரசமைப்புக்கு முரணானது என்று சொல்லி அதை முற்றாக நீக்கிவிட்டது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. 2018இல், நகராட்சிக் குப்பைக் கிடங்கு பற்றி அவர் முகநூலில் எழுதிய நான்கு வரிகளுக்காகக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறார். அங்கே அவருக்குச் சொல்லப்பட்ட பிரிவு 66ஏ. மாலைவரை உட்காரவைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிரிவு செத்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவரிடம் இதழியலில் முதுகலைப் பட்டம் இருந்தது. அதே வினாவுக்குச் சரியான விடையை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தார்.

‘2015’ என்ற எண் அவரிடம் இருந்தது. அந்த எண்ணால் அவருக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. இதை அவருடைய கவனக்குறைவு என்று யாரேனும் பின்னூட்டத்தில் எழுத வருவார்கள். வேண்டாம். அவருக்கு எப்படிக் கற்பிக்கப்பட்டதோ அப்படியே கற்றார்.

மேசையில் கிடந்த வழிகாட்டி நூல்களைப் பார்த்தால் கற்பித்த விதம் விளங்கிவிடும். 1799 வெல்லெஸ்லி, 1823 ஜான் ஆடம், 1835 மெட்காஃப், 1857 கானிங், 1867 பத்திரிகை மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், 1878 லிட்டன், 1908, 1910, 1931. கோயில் சுவரில் கொடையாளர் பட்டியல் போல வரிசையாக நிற்கின்றன. காலவரிசையில் அமைக்கச் சொல்லும் வினா, பொருத்தச் சொல்லும் வினா, கூற்று, காரணம் என்று தோற்றமளித்தாலும் உள்ளே ஆண்டையே கேட்கும் வினா. 1878ஆம் ஆண்டின் வட்டார மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் நீக்கியது 1881இலா 1882இலா என்பதில் இரண்டு நூல்கள் வேறுபட்டன. அதற்காக என் நண்பர்கள் முக்கால் மணி நேரம் செலவழித்தார்கள். இரண்டு மதிப்பெண் அல்லவா!

அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவர்கூட அந்தச் சட்டத்தின் முழுப்பெயரைப் படிக்கவில்லை. ‘கீழைத்தேய மொழிகளில் வெளியாகும் வெளியீடுகளை மேலும் சிறப்பாகக் கட்டுப்படுத்துவதற்கான சட்டம்’ என்பது அதன் பெயர். எழுதப்பட்ட கருத்தைவிட எழுதப்பட்ட மொழியைக் குற்றத்தின் எல்லையாக வைத்த சட்டம் அது. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால் அந்தச் சட்டம் தீண்டாது. வங்காளியில் எழுதினால் அச்சகத்தாரிடம் பிணைத்தொகை கேட்கலாம். அதனால்தான் வங்காளியில் அச்சிட்டுவந்த ‘அமிர்த பஜார் பத்திரிகா’ ஒரே வாரத்தில் ஆங்கிலத்துக்கு மாறிற்று. இந்த மாற்றத்தையும் நம் நூல்கள் ஒரு சுவையான துணுக்காகப் பெட்டிக்குள் போட்டுத் தருகின்றன. ஓர் அரசு தன் குடிகளின் மொழிகளைக் கண்டு ஏன் அஞ்சியது, தன் மொழியில் எழுதப்பட்ட கண்டனத்தை ஏன் பொறுத்துக்கொண்டது என்ற வினா ஊடகவியல் வகுப்பில் எழாவிட்டால் வேறெங்கே எழும்? நெட் தேர்வின் வினாத்தாள், மொழித் தாள்கள் நீங்கலாக, இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன். இரண்டையும் ஒப்பிடவில்லை. 1878ஐ அந்த வினாத்தாளில் சந்திக்கும் ஒரு தமிழ் மாணவருக்கோ ஒடிய மாணவருக்கோ லேசாகச் சிரிப்பு வரலாம், அவ்வளவே.

என் வாதம் இதுதான். இந்தியாவில் ஊடகத்தைக் கட்டுப்படுத்துபவை சட்டங்களின் பெயர்களும் ஆண்டுகளும் அல்ல. அச்சட்டங்களுக்குள் இருக்கும் சில சொற்களும், அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுமே. நம் பாடத்திட்டமும் தேர்வும் வழிகாட்டி நூல்களும் சேர்ந்து அந்தச் சொற்களை மட்டும் கவனமாக மறைத்துவிட்டு மீதி அனைத்தையும் கற்பிக்கின்றன.

66ஏவையே எடுத்துக்கொள்வோம். மிகவும் அருவருக்கத்தக்கது, அச்சுறுத்தும் தன்மையுடையது, எரிச்சல், அசௌகரியம், அவமதிப்பு, பகைமை, வெறுப்பு என்று ஒரு நீண்ட அடுக்கு. தண்டனை மூன்றாண்டுகள்வரை. 2012இல் மகாராட்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதை முகநூலில் கேள்வி கேட்ட ஒரு இளம்பெண்ணும், அதை விரும்பிச் சொடுக்கிய இன்னொரு இளம்பெண்ணும் கைதானார்கள். அந்த வழக்குகளின் அதிர்ச்சியில்தான் ஒரு சட்ட மாணவியின் மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

‘எரிச்சல்’ என்ற சொல்லை அன்றிரவு மேசையில் வைத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்தோம். ‘அவன் என்னை அடித்தான்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் அவன். அடி விழுந்ததா என்பதை மூன்றாம் ஆள் பார்த்துச் சொல்ல முடியும். ‘எனக்கு எரிச்சலாக இருக்கிறது’ என்பதில் எழுவாயின் இடத்தில் நிற்பது நான்காம் வேற்றுமை ஏற்ற ‘எனக்கு’. அனுபவம் யாருக்கு நிகழ்கிறதோ அவரைத் தவிர வேறெவராலும் அந்த வாக்கியத்தின் மெய்ம்மையைச் சரிபார்க்க முடியாது. பசி, தூக்கம், கோபம், பிடித்தம், எரிச்சல் யாவும் நம் மொழியில் ‘எனக்கு’ என்றே வரும். மேசையிலிருந்த தெலுங்கு நண்பர் ‘நாக்கு’ என்றார், மலையாளி ‘எனிக்கு’ என்றார், இந்திக்காரர் ‘முஜே’ என்றார். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இந்த இலக்கணக் கூறு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ‘எரிச்சலூட்டும் நோக்கம்’ என்று அனுப்பியவர் பக்கம் திருப்பி எழுதினாலும், அந்த நோக்கத்தை நாம் ஊகிப்பது பெரும்பாலும் பெற்றவரின் எரிச்சலிலிருந்துதான். குற்றம் நிகழும் இடம் புகார் கொடுப்பவரின் மனம். அந்த மனத்தின் அளவுகோல் எவ்வளவு என்பதை எழுதுகிறவர் எழுதும்போது அறிந்துகொள்ள வழியே இல்லை.

உச்ச நீதிமன்றமும் இதையொட்டிய வழியில்தான் நடந்தது. ஒருவருக்கு அருவருப்பாக இருப்பது இன்னொருவருக்கு அப்படி இராது என்றது. சட்டம் பயின்ற நீதிபதிகளே ஒரே வாசகத்தைப் படித்து எதிரெதிர் முடிவுக்கு வந்த பிரிட்டன் வழக்குகளை எடுத்துக்காட்டி, இத்தகைய சொற்கள் குற்றவியல் சட்டத்தில் நிற்கும் தகுதியற்ற அளவுக்குத் தெளிவில்லாதவை என்றது. ஒரு கருத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, வன்செயலுக்குத் தூண்டுவது ஆகிய மூன்றையும் பிரித்து, மூன்றாவது நிலையை எட்டினால்தான் கட்டுப்பாட்டுக்கு இடமுண்டு என்றது. ஊடகவியல் மாணவர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தக்கூடிய கருவி அந்த மூவகைப் பிரிவு. அது எங்கள் மேசையிலிருந்த நூல்கள் எதிலும் இல்லை. ஒரு நூலில் 66ஏ இன்றும் நடைமுறையிலுள்ள பிரிவுகளின் பட்டியலில், தண்டனைக் காலத்தோடு, உயிருடன் இருக்கிறது.

அந்த நூலாசிரியர் தனியாளில்லை. பிரிவு நீக்கப்பட்ட பின்னும் நாடெங்கும் அதன்கீழ் வழக்குகள் பதியப்படுவது 2021இல் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, தலைமை வழக்கறிஞர் கூறிய விளக்கத்தை நினைவூட்டுகிறேன். சட்டப் புத்தகங்களில் பிரிவு 66ஏ அப்படியே அச்சாகிறது. அது நீக்கப்பட்ட செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. காவல் அலுவலர் மேலே உள்ளதைப் பார்த்துவிட்டு வழக்குப் பதிந்துவிடுகிறார் என்பதே அவர் சொன்னதன் சாரம். 2022 அக்டோபரில் அப்பிரிவின்கீழ் இனி எவர்மீதும் வழக்குத் தொடரக்கூடாது என்று நீதிமன்றம் திரும்பவும் ஆணையிட வேண்டியிருந்தது. அடிக்குறிப்பைப் படிக்காத காவல் அலுவலரை நாம் எள்ளி நகையாடுகிறோம். பிரிவின் எண்ணையும் தீர்ப்பின் ஆண்டையும் மட்டும் கற்பித்து அனுப்பும் நாம் அவரைவிட எந்த வகையில் மேல்?

இனி 1951. முதலாம் அரசமைப்புத் திருத்தம். ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் எந்தத் திருத்தத்தால் 19(2)இல் சேர்ந்தது? முதலாம் திருத்தம். ‘இறையாண்மையும் ஒருமைப்பாடும்’? பதினாறாம் திருத்தம், 1963. இவ்விரண்டும் தேர்வுப் பொன்மொழிகள். ஏன் சேர்ந்தன என்பதற்கு ஒரு வரி உண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழைச் சென்னை மாகாண அரசு தன் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிற்று. பொது ஒழுங்கு வேறு, அரசின் பாதுகாப்பு வேறு, அரசமைப்பு இடம் தருவது பின்னதற்கு மட்டுமே என்றது. உடனே நாடாளுமன்றம் அந்தச் சொல்லையே அரசமைப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. இவ்வளவு தெரிந்த மாணவரை நல்ல மாணவர் என்கிறோம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் திருத்தம் இன்னும் இரண்டு காரியங்களைச் செய்தது. ‘கட்டுப்பாடுகள்’ என்பதற்கு முன்னே ‘நியாயமான’ என்ற ஒற்றைப் பெயரடையைச் சேர்த்தது. 1950இன் மூல வாசகத்தில், பேச்சுரிமையைப் பொறுத்தவரை, அந்தச் சொல் இல்லை. கடந்த எழுபது ஆண்டுகளில் பத்திரிகைகள் நீதிமன்றத்தில் வென்ற வழக்குகளின் சாவி பெரும்பாலும் அந்தப் பெயரடைதான். கதவுகளைக் கூட்டிய அதே கை, ஒரு பூட்டையும் வைத்துவிட்டுப் போயிற்று. மற்றொன்று, ‘நலன் கருதி’ என்ற தொடர். பொது ஒழுங்கைக் காப்பதற்காக என்று எழுதாமல், பொது ஒழுங்கின் நலன் கருதி என்ற பொருளில் எழுதப்பட்டது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டா? உண்டு என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. பின்னது பரந்தது, நேரடியாக ஒழுங்கைக் காக்காத சட்டமும் அதற்குள் அடங்கும் என்றது. 1960இல் ராம் மனோகர் லோகியா வழக்கில், பாசன வரியைச் செலுத்தாதீர்கள் என்று மக்களிடம் பேசியதற்காக அவர் கைதானதை ஆராய்ந்தபோது, அந்தப் பரப்புக்கு ஓர் எல்லை கட்டியது: பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் இடையே அண்மைத் தொடர்பு வேண்டும், எட்டாத ஊகம் போதாது.

இதைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது ஆங்கிலத்தில் மறைந்திருக்கும் ஒன்று வெளியே வருகிறது. ‘கருதி’ ஒரு வினையெச்சம். வினையெச்சம் என்றால் அதற்கு ஒரு வினைமுதல் உண்டு. நலனைக் கருதுபவர் யார்? ஆங்கிலத் தொடரில் அந்த ஆள் இல்லை. பெயர்ச்சொல்லுக்குப் பின்னே ஒளிந்துகொண்டார். தமிழில் அவர் எழுந்து நின்று தலைகாட்டுகிறார். ஊடக ஒழுங்காற்று வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியால் படிக்கலாம் என்று நான் நம்புகிறேன்: கருதுபவர் யார்?

2023 ஏப்ரலில் வந்த தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தத்தை இந்தக் கேள்வியோடு படியுங்கள். நடுவண் அரசின் அலுவல் தொடர்பாகப் போலி, பொய், தவறாக வழிநடத்துவது என்று உண்மை சரிபார்ப்புப் பிரிவு அடையாளம் காட்டும் பதிவுகளைத் தளங்கள் தாங்கி நின்றால் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும். அந்தப் பிரிவை அமைப்பது யார்? அதே நடுவண் அரசு. குணால் கம்ரா முதலானோர் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2024 சனவரியில் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி செப்டம்பரில் அந்த விதி செல்லாது என்றார். போலி, பொய், தவறாக வழிநடத்துவது என்ற மூன்று சொற்களுக்கும் வரையறை இல்லாதது அங்கே பேசப்பட்டது. மூன்றும் ஒன்றா? ‘பொய்’ கூற்றின் தன்மை. ‘தவறாக வழிநடத்துவது’ கேட்பவரிடத்து நிகழும் விளைவு. முழு உண்மையைச் சொல்லியும் ஒருவரைத் தவறாக வழிநடத்தலாம். முதலாமாண்டுப் பொருண்மையியல் மாணவர் கேட்கும் கேள்வியை விதி எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைவிடப் புதியது, 2024 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023. நூல்கள் அதை ‘1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது’ என்ற ஒரு வரியில் முடிக்கின்றன. பயங்கரவாதச் செயல் அல்லது சட்டவிரோதச் செயல் தொடர்பான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரோ, அரசின் பாதுகாப்புக்கு எதிராக எதையேனும் செய்தவரோ பருவ இதழ் நடத்த முடியாது என்கிறது அச்சட்டம். நான் இப்போது எழுதிய வாக்கியம் ஒரு வாசிப்பு. ‘தண்டிக்கப்பட்டவர்’ என்பது இரண்டாம் பகுதியையும் ஆள்கிறது என்று கொண்டால் இன்னொரு வாசிப்பு; அப்போது நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் யாரையும் தடுக்க முடியாது. ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுத்து நிற்கிறது. ‘எதையேனும்’ என்பது எதுவரை நீளும் என்பதற்கும் அங்கே விளக்கமில்லை. ஒரு சிற்றூரில் சிறு இதழ் நடத்துபவரின் வாழ்வு ஒரு இணைப்புச் சொல்லின் எல்லையில் தொங்குகிறது. இது தேர்வில் வராது. வந்தால் ‘எந்த ஆண்டு’ என்று வரும்.

பிரஸ் கவுன்சில் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தலைவர் நீங்கலாக 28 உறுப்பினர்கள், 1966, 1978, நெருக்கடி நிலையில் கலைப்பு. எல்லாம் மனப்பாடம். அதன் அதிகாரம் மூன்றே வினைகள்: எச்சரிக்கும், கடிந்துகொள்ளும், கண்டிக்கும். மூன்றும் பேச்சு. தண்டம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. தொலைக்காட்சிமீது அதுகூட இல்லை. பேச்சினால் மட்டுமே செயல்படும் ஓர் அமைப்பின் பேச்சை எவரும் கேட்காவிட்டால் அது என்ன செயல்? ஆஸ்டினைப் படித்தவர்களுக்கு இது பழக்கமான வினா.

வானொலிக்கு வருகிறேன். என் கணிப்பில் இந்திய ஊடகக் கட்டுப்பாடுகளிலேயே மிக வலுவானது இங்கேதான் இருக்கிறது, அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். உலகின் பெரிய மக்களாட்சி என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் நாட்டில், தனியார் பண்பலை நிலையம் ஒன்று தானே திரட்டிய செய்தியை ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்து வாசிக்கலாம், அவ்வளவே. சமுதாய வானொலிக்கும் இதே விலங்கு. 1995இல் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுடைமையல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. இந்தத் தடையை எந்தச் சட்டத்தின் பெயரிலும் தேடிக் காண முடியாது. அனுமதிக் கொள்கையின் நிபந்தனையில் இருக்கிறது. ஆண்டை வைத்துச் சட்டங்களைப் படிக்கிறவர் கண்ணில் அது படவே படாது.

அந்தக் கொள்கையில் ஒரு வரையறை உண்டு. போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு விழாக்கள், தேர்வுகள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, உள்ளாட்சி நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், நலவாழ்வு எச்சரிக்கை போன்ற அறிவிப்புகள் ஆகியவை ‘செய்தியும் நடப்பு நிகழ்வும் அல்லாதவை’ எனக் கருதப்படும். படித்ததும் மேசையில் சிரிப்பலை. வெள்ளம் செய்தியல்ல! நாங்கள் எழுதப்போகும் தேர்வும் செய்தியல்ல! சிரிப்பு அடங்கியதும் அந்தச் செய்தியாளர் நண்பர்தான் கேட்டார்: குடிநீர் வராது என்று நகராட்சி அறிவித்தால் அது செய்தியல்லாதது, ஒலிபரப்பலாம், மூன்று நாட்களாக வரவில்லை என்று தெருவில் நிற்கும் ஒரு பெண் தொலைபேசியில் சொன்னால்? ஒரே குழாய், ஒரே வறட்சி. பேசுபவர் மாறியதும் வகை மாறிவிடுகிறது. எங்கள் மூன்று வாரங்களில் கேட்கப்பட்ட சிறந்த வினா அது. அதற்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் இல்லை.

மறுப்பு ஒன்று எனக்குத் தெரிந்ததுதான். இலட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள், கணினி திருத்துகிறது, நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினாவில் இதற்குமேல் என்ன கேட்க முடியும் என்பார்கள். நண்பரின் அந்தக் கேள்வியையே அப்படியே வைக்கலாமே! நிபந்தனையின் வாசகத்தை மேலே கொடுத்து, நேயரின் தொலைபேசி அழைப்பைக் கீழே கொடுத்து, ஒலிபரப்புவது ஒப்பந்தத்துக்கு உட்பட்டதா, எந்தத் தொடரால் உட்பட்டது அல்லது உட்படவில்லை என்று நான்கு விடைகள் தாருங்கள். கணினி இதையும் திருத்தும். 19(2)இன் 1950 வாசகத்தையும் 1951 வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, எந்தச் சொல் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வழிவிட்டது என்று கேளுங்கள். அதற்கும் நான்கு விடைகள் போதும். வினாவின் வடிவத்தின்மேல் பழிபோடுவது சோம்பலுக்குப் போட்டுக்கொள்ளும் போர்வை. அத்தகைய வினாக்களை எழுதுவதற்கு வினா எழுதுபவர் சட்டத்தின் வாசகத்தைப் படித்திருக்க வேண்டும். தடை அங்கேதான் என்று ஐயுறுகிறேன்.

ஆண்டுகளே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 1950க்குப் பிறகுதான் 1951 வருகிறது என்பது தெரியாமல் அந்தத் திருத்தம் யாருக்குச் சொல்லப்பட்ட மறுமொழி என்று புரியாது. ஆனால் அடுத்தடுத்து வந்தவை என்று தெரிந்திருப்பதும், ஒன்றினால் ஒன்று வந்தது என்று தெரிந்திருப்பதும் இருவேறு அறிவுகள்.

ஆய்வாளர்களாகிய நம்மைப் பற்றியும் கொஞ்சம். கருத்தரங்குகளில் ‘ஊடகச் சுதந்திரம்’, ‘கண்காணிப்பு’, ‘மேலாண்மை’ என்று கட்டுரை வாசிக்கிறோம். மீடியா ஒன் தொலைக்காட்சியின் உரிமப் புதுப்பிப்பு 2022இல் பாதுகாப்பு அனுமதி இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டபோது, காரணத்தை முத்திரையிட்ட உறைக்குள் வைத்து நீதிபதிகளிடம் மட்டும் அரசு கொடுத்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டாலே இயற்கை நீதியின் கடமைகள் மறைந்துவிடா என்று விரிவாக எழுதியது. அத்தீர்ப்பைப் பற்றிக் கண்டனமும் பாராட்டும் பகிர்ந்தவர்கள் நம்மில் பலர். முழுமையாகப் படித்தவர்களைக் கைவிட்டு எண்ணலாம். நானே இந்த மேசைக்காகத்தான் முழுதும் படித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இத்தேர்வில் வெல்பவர்கள் நாளை உதவிப் பேராசிரியர்கள். அவர்களிடம் படிப்பவர்கள் அதற்கு மறுநாள் மாவட்டத் தலைநகரங்களில் செய்தியாளர்கள். ஒருவர் காவல் நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாலையில் அவருக்கு வேண்டியது, ‘இந்தப் பிரிவு இன்று இருக்கிறதா? நான் எழுதியதில் தூண்டுதல் எங்கே?’ என்று கேட்கும் வாய். என் நண்பர் அந்த மன்னிப்புக் கடிதத்தின் நகலை இன்னும் வைத்திருக்கிறார். சென்ற வாரம் காட்டினார். அவர் கையெழுத்துக்கு மேலே, அவர் கையாலேயே, பிரிவின் எண் எழுதப்பட்டிருக்கிறது. என்ன எழுதவேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாராம்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அதே மூலை மேசையில் கூடுகிறோம். கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994, ஆறாம் விதியை வரி வரியாகப் படிப்பதாகத் திட்டம். நல்ல ரசனை, கண்ணியம், அரைகுறை உண்மை ஆகிய மூன்று சொற்களுக்கே அன்றைய மாலை போய்விடும் என்று நினைக்கிறேன். வளாகத்தில் இருப்பவர்கள் வரலாம். தேர்வு எழுதாதவர்களும் வரலாம். விதியின் நகலை எடுத்து வாருங்கள். வழிகாட்டி நூல்களை அறையிலேயே விட்டுவிட்டு வரவும்.